ஏழு கல் தோட்டின் விலை

வைரம் வாங்கப் போனால் கடையில் பேசுகிற தமிழ் வேறு. அதே வைரத்தை விற்கப் போனால் பேசுகிற தமிழ் வேறு. இரண்டையும் செங்கல்பட்டில் ஒரே கடையில், ஒரே நேரத்தில், பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் கேட்டிருக்கிறேன். வலது பக்கம் ஒரு கல்யாணப் பெண்ணிடம், “வைரம்னா தலைமுறைக்கும் நிக்கிற சொத்தும்மா” என்று விற்பனையாளர் சொல்லிக்கொண்டிருந்தார். இடது பக்கம் என் அம்மாவிடம், “பழைய கல்லுக்கெல்லாம் இப்ப ஆள் இல்லம்மா” என்று மேலாளர் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு வாய் துறுதுறுத்தது. பொத்தேரியில் ஒரு பெண்கள் விடுதியில் நான் வார்டன். நாள் முழுக்கக் கத்திக் கத்திப் பழகிய வாய் அது. அம்மாதான் என் தொடையில் கிள்ளி அடக்கினாள்.

நாங்கள் விற்கப் போனது அம்மாவின் ஏழு கல் தோட்டை. நடுவில் ஒரு கல், அதைச் சுற்றி ஆறு கல், ஒரு காதுக்கு ஏழு. ஏறிய நாளிலிருந்து அவள் காதை விட்டு இறங்காத தோடு. ஏன் விற்க வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அம்மா மீன் வியாபாரி. மாமல்லபுரத்துக்குத் தெற்கே எங்கள் குப்பம். காலையில் கரையில் ஏலம் எடுத்து, கூடையோடு பஸ் ஏறி, செங்கல்பட்டில் தெருத்தெருவாகப் போய் விற்றுவிட்டுத் திரும்புவாள். போன வருடம் இரண்டு முழங்காலும் ஒன்றாக மக்கர் செய்தன. படி ஏறக் கூடாது, எடை தூக்கக் கூடாது என்றார் டாக்டர். “அப்ப இன்னாதான் செய்யறது?” என்று அம்மா கேட்டாள். “வீட்ல ரெஸ்ட் எடுங்க” என்றார். அவரை அம்மா பார்த்த பார்வைக்கு வேறு யாராவதாக இருந்திருந்தால் எழுந்து ஓடியிருப்பார்கள்.

ரெஸ்ட் எடுக்கச் சொன்ன ஒரு மாதத்துக்குள் அம்மா ஓர் அறையைக் கண்டுபிடித்துவிட்டாள். கல்பாக்கம் டவுன்ஷிப் போகிற சாலையில், ஒற்றை ஷட்டர் போட்ட அறை. ஆபீஸ்காரர்கள் காரை ஓரங்கட்டி நிறுத்தி வாங்கிப் போகிற இடம். நாற்காலி போட்டு உட்கார்ந்தபடியே விற்கலாம். படகுக்காரர்கள் மீனை அங்கேயே கொண்டுவந்து போடச் சம்மதித்துவிட்டார்கள். வேண்டியது இரண்டுதான்: அறைக்கு முன்பணம், மீன் வைக்க ஒரு பெரிய ஃப்ரீசர். அதே அறையைக் கோழிக்கடைக்கு ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். மாதக் கடைசிவரை பொறுத்திருப்பதாக அறையின் சொந்தக்காரர் அம்மாவிடம் சொல்லியிருந்தார். அறை கிடைத்தால் அம்மாவுக்கு வியாபாரம் உண்டு. கிடைக்காவிட்டால் என் வீட்டுக்கு வந்து டிவி முன்னால் உட்கார வேண்டியதுதான். என் வீட்டில் அந்த வேலையை ஏற்கெனவே ஒருவர் முழுநேரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் என் கணவர்.

தோடு வந்த கதை இன்னும் முக்கியம், ஏனென்றால் கடைசியில் விலை அதில்தான் போய் முட்டிக்கொண்டது. நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது அப்பா மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தார். தாலியோடு சேர்த்து அம்மாவின் மெட்டியையும் அப்போதிருந்த சாதாரணத் தோட்டையும் கழற்றிவிட்டார்கள். அதுவரை அவள் ஏலக் கரைக்குப் போனதே இல்லை. அப்புறம்தான் போக ஆரம்பித்தாள். மற்றப் பெண்களுக்கு, விற்றுவிட்டுச் சாயங்காலம் பணம் கொடு என்று மீனைக் கொடுத்தார்கள். இவளிடம் மட்டும் கையில் காசு இருந்தால்தான் கூடை நிறைந்தது. மொட்டைக் காதோடு நிற்கிற பெண்பிள்ளை, திடீரென்று காணாமல் போய்விட்டால் யாரைப் போய்க் கேட்பது என்று படகுக்காரர்களுக்குப் பயம்.

சில வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். பிறகு செங்கல்பட்டில் தன்னிடம் மீன் வாங்குகிற ஒரு நகை ஆசாரியிடம் சொல்லி வைரத்தோடு கட்டிக்கொண்டாள். மீனும் காசுமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து அடைத்தாள். தாலி அறுத்தவளுக்கு வைரத்தோடு கேட்கிறதா என்று குப்பமே பேசியது. நேராகக் கேட்ட ஒருத்திக்கு அம்மா சொன்ன பதில் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. “காது என்னுது, துட்டு என்னுது. ஒனக்கு எங்க வலிக்குது?” பேசியவர்கள் பேசிக்கொண்டே இருக்க, படகுக்காரர்கள் மட்டும் மாறிவிட்டார்கள். வைரம் போட்டவள் ஏமாற்றிவிட்டு எங்கே ஓடப் போகிறாள்? வாய்ச் சொல்லுக்குக் கூடை நிறைந்தது. என்னைப் படிக்க வைத்ததும் அந்தக் கூடைதான்.

இப்போது விற்றுவிடலாம் என்று சொன்னதும் அவளேதான். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. “எம்மா, அது இல்லாம உன்ன யாருக்கும் அடையாளம் தெரியாது” என்றேன். “அப்ப என் மூஞ்சிய எவனுக்கும் தெரியாது, கல்லு வோணும். இப்ப இந்த மூஞ்சியே போதும்டி” என்றாள். அதற்கு மேல் அவளிடம் பேச முடியாது.

இப்படித்தான் அந்தக் கடைக்குப் போனோம். மேலாளர் மரியாதையானவர், அதைச் சொல்லாமல் இருக்கக் கூடாது. காபி வரவழைத்தார். கண்ணில் லென்ஸை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார்.

முதலில் பில் கேட்டார். இல்லை. கல்லுக்குச் சர்டிஃபிகேட்? மீன் கொடுத்து வாங்கிய தோட்டுக்கு எங்கிருந்து சர்டிஃபிகேட் வரும்? அவரவர் கடையில் விற்றதை அவரவர் திருப்பி எடுத்துக்கொள்வார்களாம். அடுத்த கடைச் சரக்கு என்றாலே ஒரு பிடித்தம் உண்டாம். அடுத்தது கட்டிய விதம். பின்பக்கம் தங்கத் தகட்டால் மூடி, உள்ளே அரக்கு வைத்துக் கட்டியிருந்தது. கல்லின் மேல்முகம் மட்டும்தான் தெரியும். அடியில் எவ்வளவு ஆழம், எவ்வளவு எடை என்று பிரித்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும். பிரித்துவிட்டால் தோடு போச்சு, உதிரிக் கல்தான் மிஞ்சும்.

“பட்டை தீட்டினது பழைய மாதிரிம்மா. இப்ப மெஷின்ல தீட்டுற கல்லு அளவுக்கு ஒளி வராது. இதுல ரெண்டு கல்லுல லேசா மஞ்சள் ஓடுது. இங்க ஒரு கரும்புள்ளி இருக்கு. இந்தக் கல்லு ஓரத்துல விண்டிருக்கு, எங்கயாவது இடிச்சுக்கிட்டீங்களா?”

“ஐஸ் பொட்டி மூடி அடிச்சிச்சி. காதும்தான் கிழிஞ்சிச்சி” என்றாள் அம்மா.

பெரிய ஒற்றைக் கல் என்றால் வாங்க ஆள் உண்டு, பதினாலு பொடிக் கல்லுக்கு இல்லை என்றார். கடைசியாகக் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். “இப்ப லேப்லயே வைரம் வளர்க்குறாங்கம்மா. கண்ணால பார்த்தா எனக்கே வித்தியாசம் தெரியாது. விலை சல்லிசு. புள்ளைங்க அதைத்தான் கேக்குறாங்க. அதனால இந்தச் சின்னக் கல்லுங்க விலை மொத்தமா எறங்கிப் போச்சு.” கல் எடையையும் அரக்கையும் கழித்துத் தங்கத்துக்கு ஒரு விலை, கல்லுக்கு என்று ஏதோ கொஞ்சம் சேர்த்து ஒரு தொகை சொன்னார். அறைக்கு முன்பணம் வரும். ஃப்ரீசர் வராது.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அம்மாவுக்கு வரவில்லை. வெளியே வந்து படியில் உட்கார்ந்து, “நான் செவுள தூக்கிப் பாக்காம மீனு எடுப்பேனா? அவனும் அப்டித்தான். இதுல கோச்சிக்க இன்னா கீது?” என்றாள். அந்தத் தோட்டை ஏன் இத்தனை வருடம் அடகு வைக்காமல் இருந்தாள் என்பதும் அப்போது அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. ஆசையால் பிடித்து வைத்திருக்கவில்லை. அடகுக் கடைக்குப் போயிருக்கிறாள். அங்கே கல்லைக் கல்லாகத்தான் பார்ப்பார்கள், தங்கத்துக்கு மட்டும்தான் கடன். வேண்டாம் என்று திரும்பி வந்திருக்கிறாள். அப்படித்தான் தோடு தப்பித்தது.

மேலாளர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். தாங்களே போட்டுக்கொள்ள வாங்குகிறவர்கள் கிடைத்தால் நல்ல விலை வரும், பழைய மூடின கட்டுதான் வேண்டும் என்று தேடுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள், ஆனால் அவர்கள் கேட்கிற கேள்விகள் வேறு என்று. என்ன கேள்வி என்று கேட்டேன். “போனா தெரியும்மா” என்று சிரித்தார்.

விடுதி அலுவலகத்தில் என்னோடு வேலை பார்க்கிற பெண்ணின் உறவுக்கார அம்மாள் ஒருவர் கூடுவாஞ்சேரியில் அப்படித் தேடிக்கொண்டிருந்தார். அவருடைய மகளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். புதுத் தோட்டில் அந்தக் களை இல்லை, பழைய ஏழு கல்தான் வேண்டும் என்று அந்த அம்மாள் பிடிவாதமாக இருந்தாராம். அம்மாவுக்கு மாடிப்படி ஏற முடியாது என்பதால் நான் மட்டும் தோட்டை எடுத்துக்கொண்டு போனேன். மாடியில் விசாலமான வீடு. தங்களுக்குத் தெரிந்த நகைக்காரரை வரவழைத்து வைத்திருந்தார்கள். அவரும் லென்ஸ் வைத்துப் பார்த்தார், அதே கரும்புள்ளியை, அதே விண்ட ஓரத்தைச் சொன்னார். அந்த அம்மாள் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. தோட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. அரை மணி நேரம் இழுத்துக் கடைசியில் அவர் சொன்ன விலைக்கு முன்பணமும் வரும், ஃப்ரீசரும் வரும். நகைக்காரர் போன பிறகு கேள்விகள் ஆரம்பித்தன.

“உங்க வீட்ல கோர்ட்டு கேஸு ஏதாவது இருந்துச்சா?”

“இல்லைங்க.”

“தப்பா நினைச்சுக்காதீங்க. குழந்தை இல்லாதவங்க யாராவது?”

“எனக்கு ரெண்டு பசங்க.”

“இதை யாரு போட்டுக்கிட்டிருந்தாங்க?”

“அம்மா.”

“அப்பா?”

“அவர் இறந்து ரொம்ப வருஷம் ஆகுதுங்க.”

அந்த அம்மாள் தோட்டை மறுபடி கையில் எடுத்தார். “அதுக்கு முன்னாடி வாங்கினதுதானே?” என்று கேட்டார். ஆமாம் என்று நான் சொல்ல வேண்டும் என்று அவரே ஆசைப்பட்ட மாதிரி இருந்தது. பொய் சொல்ல எனக்குத் தெரியாது என்றில்லை, விடுதியில் தினம் நாலு பொய் சொல்லித்தான் பொழுது போகிறது. ஆனால் அம்மா சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கியதைத் தூக்கி அப்பா பேரில் எழுதி வைக்க எனக்கு வாய் வரவில்லை.

“இல்லைங்க. அவர் போன பிறகு அம்மா சொந்தமா சம்பாதிச்சு வாங்கினது” என்றேன்.

தோட்டைப் பிடித்திருந்த விரல்கள் அதை மெதுவாகத் தட்டில் வைத்தன. கடைக்காரர் லென்ஸ் வைத்துத் தேடிய கரும்புள்ளியை இவர் லென்ஸ் இல்லாமலே கண்டுபிடித்துவிட்டார். ஆனால் கண் மட்டும் தோட்டை விட்டு நகரவில்லை. கடைசியில், “மூணு ராத்திரி வெச்சுப் பார்க்கிறோங்க, அதுக்கப்புறம் சொல்றேன்” என்றார்.

இந்த வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வைரம் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது என்று நம்புகிறவர்கள் நம் பக்கத்தில் நிறைய. வாங்குவதற்கு முன்னால் கல்லை வீட்டில் சாமி அலமாரியிலோ தலையணைக்கு அடியிலோ வைத்துப் பார்ப்பார்கள். கெட்ட கனவு வந்தால், யாருக்காவது காய்ச்சல் வந்தால், பால் பொங்கிக் கொட்டினால்கூடத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அந்த வீட்டார் ஒரு தொகையை அச்சாரமாகக் கொடுத்துத் தோட்டை வைத்துக்கொண்டார்கள். நான் தோடு இல்லாமல் ரயில் ஏறினேன்.

அந்த நாட்களில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தின் ஆரோக்கியத்துக்காக நான் சாமி கும்பிட்டது அதுதான் முதல் தடவை. அவர்கள் வீட்டில் யாரும் தும்மக் கூடாது. யாரும் வண்டியிலிருந்து விழக் கூடாது. மிக்ஸி கெட்டுப்போகக் கூடாது. மழை பெய்தால், ஐயோ மாடியில் துணி காயப் போட்டிருப்பார்களே என்று இருந்தது. போன் அடித்தால் பக்கென்றது. அம்மாவோ குப்பத்தில் நிம்மதியாக இருந்தாள். நல்ல இறால் வந்திருக்கிறது, யாரிடமாவது கொடுத்து அந்த வீட்டுக்கு அனுப்பட்டுமா என்று போனில் கேட்டாள்.

“எம்மா, வேணாம், உனக்குப் புண்ணியமா போவும். எறா ஒத்துக்காம எவனுக்காவது வயித்தால போச்சுன்னா அதுவும் தோட்டு மேலதான் வரும்” என்றேன்.

“என் எறாவுல எவனுக்கும் வயித்தால போனதில்ல” என்று கோபமாகப் போனை வைத்தாள். அறையின் சொந்தக்காரர் அன்றைக்கு மறுபடி வந்து கேட்டுவிட்டுப் போனாராம், அதைச் சொல்லத்தான் கூப்பிட்டிருந்தாள். கோபத்தில் மறந்துவிட்டு மறுபடி கூப்பிட்டுச் சொன்னாள்.

கெடு முடிந்த மறுநாள் காலை நான் விடுதிச் சமையலறையில் நின்றுகொண்டிருந்தபோது கூடுவாஞ்சேரியிலிருந்து போன் வந்தது. குரலில் அவ்வளவு சந்தோஷம். “அருமையான ராசிங்க” என்றார் அந்த அம்மாள். தேதி சொல்லாமல் இழுத்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை வீட்டார் தாங்களாகவே கூப்பிட்டுத் தேதி சொல்லிவிட்டார்களாம். பெண்ணுக்கு ஆபீஸில் சம்பளமும் ஏறிவிட்டதாம். “கல்லு வந்த நேரம்” என்றார்.  ஃப்ரீசர் வந்துவிட்டது, அறை வந்துவிட்டது என்று மனசுக்குள் ஓடியது.

“ஒரே ஒரு விஷயங்க, தப்பா எடுத்துக்கக் கூடாது” என்றார் பிறகு. “முதல் தடவையா பொண்ணு காதுல போடப் போறோம். நீங்க வந்து உங்க கையால தட்டுல வெச்சுக் கொடுத்துடுங்க. நீங்க சுமங்கலி, ரெண்டு குழந்தை இருக்கு. அம்மா… அவங்களுக்கு எதுக்கு சிரமம்? அவங்க வர வேண்டாம். சொன்னா புரிஞ்சுக்குவீங்க.”

புரிந்தது. நன்றாகவே புரிந்தது. கல் ராசியானது, அதைச் சம்பாதித்த கை ராசியில்லாதது. என் கணவர் அந்த நேரத்தில் வீட்டில் டிவி முன்னால் காலை நீட்டிப் படுத்திருப்பார். அவர் அப்படிப் படுத்துக்கொண்டு மூச்சு விடுகிறார் என்பதால் என் கைக்கு மதிப்பு. முப்பது வருடமாக ஐஸிலும் உப்பிலும் ஊறிய கைக்கு இல்லை. அப்புறம் பேசுகிறேன் என்று போனை வைத்தேன். வெளியே போக அனுமதி கேட்டு வந்து நின்ற ஒரு பெண்ணை, பாவம், ஒன்றுமில்லாததற்கு வாங்கு வாங்கென்று வாங்கினேன்.

சாயங்காலம் நேராகக் குப்பத்துக்குப் போனேன். அம்மாவிடம் சொன்னால் அவள் ஆடுகிற ஆட்டத்தில் தோடு திரும்பி வந்துவிடும், கடைக்காரர் சொன்ன விலைக்கே கொடுத்துவிட்டு மீதிக்கு நான் எங்காவது கடன் வாங்கிக்கொள்ளலாம் என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தேன். அம்மா கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டே முழுவதையும் கேட்டாள்.

“வெலய கொறச்சாங்களா?”

“இல்ல.”

“அப்ப குடு.”

“எம்மா, உன்ன வர வேணாம்னு சொல்றாங்க. உன் தோட்ட நீ குடுக்கக் கூடாதாம். நாக்க புடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுட்டு வாங்கிட்டு வந்துடறேன்.”

“நாலு கேள்வி கேட்டா ஃப்ரீசரு வருமா?” என்றாள். கருவாடு பூராவையும் திருப்பி முடித்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, “கரண்டு ஏறி ஏறி எறங்குது, ஃப்ரீசருக்கு ஸ்டெபிலைசரு தனியா போடணும்னு கடைக்காரன் சொன்னான். அந்தத் துட்டு நம்ப கணக்குல இல்ல. நான் வரக்கூடாதுன்னா அத்த அவங்கள குடுக்க சொல்லு” என்றாள்.

எனக்குக் கூச்சமாக இருந்தது. இருந்தாலும் மறுநாள் போனில் கேட்டேன். அம்மா வர மாட்டாள், ஆனால் சொன்ன விலைக்கு மேல் இவ்வளவு வேண்டும் என்கிறாள் என்று அப்படியே சொன்னேன். அந்த அம்மாள் ஒரு வார்த்தைகூடப் பேரம் பேசாமல், “அதுக்கென்னங்க, தாராளமா” என்றார். விலை பேசியபோது அரை மணி நேரம் இழுத்தவர் அவர். அம்மா வராமல் இருப்பதற்கு இன்னும் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பார் என்று தோன்றியது. அதுதான் எனக்கு எல்லாவற்றையும் விட அதிகமாக வலித்தது.

கொடுக்கப் போன அன்று அம்மா தானும் கிளம்பி நின்றாள். “பெரிய துட்டு. நீ தனியா போவாத. நான் ஸ்டேசன்ல குந்திகினு இருக்கேன்” என்றாள். பணம் வங்கிக் கணக்குக்குத்தான் வரப் போகிறது என்று சொன்னேன், கேட்கவில்லை. நல்ல புடவை கட்டியிருந்தாள். செங்கல்பட்டிலிருந்து ரயில் ஏறினோம். கூடுவாஞ்சேரி நடைமேடையில் மின்விசிறிக்குக் கீழே ஒரு பெஞ்சில் அவளை உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் போனேன்.

அந்த வீட்டில் எல்லாம் ஏற்பாடாக இருந்தது. வெள்ளித் தட்டில் மஞ்சள், குங்குமம், வெற்றிலை, பூ, நடுவில் தோடு. அந்தத் தட்டை நான் தூக்கிப் பெண்ணின் கையில் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். கொடுத்தேன். அந்தப் பெண் நல்ல பெண். கம்ப்யூட்டர் வேலை, பட்டுப் பாவாடை தாவணியில் வெட்கமாக நின்றாள். அம்மாள் திருகாணியை முறுக்கி இரண்டு காதிலும் போட்டுவிட்டார். எல்லோரும் ஆஹா என்றார்கள். எனக்குக் குங்குமம் வைத்து, “தீர்க்க சுமங்கலியா இருங்க” என்று ரவிக்கைத் துணியும் தேங்காயும் கொடுத்தார். பணம் வந்துவிட்டதாக அம்மாவின் போனுக்குச் செய்தி போயிருக்கும். ஸ்டெபிலைசர் காசை மட்டும் தனியாக ஒரு கவரில் போட்டு என் கையில் கொடுத்தார்.

வாசல்வரை வந்து, “அம்மா நல்லா இருக்காங்களா?” என்று கேட்டார்.

“ஸ்டேஷன்ல உட்கார்ந்திருக்காங்க” என்றேன்.

“அடடா, கூட்டிட்டு வந்திருக்கலாமே” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. நான் கவரைப் பையில் வைத்துக்கொண்டு படி இறங்கினேன். 

அம்மா அதே பெஞ்சில் இருந்தாள். காதில் ஒன்றும் இல்லாமல் அவளைப் பார்க்க எனக்கு யாரோ மாதிரி இருந்தது. பாரம் தாங்கித் தாங்கி ஓட்டை நீண்டு தொங்கியது. கவரை நீட்டினேன். வாங்கி, எண்ணாமல், இடுப்பில் செருகிக்கொண்டாள். எனக்கு அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

“உனக்குக் கோவமே வர்லயாம்மா?” என்றேன். நடைமேடையில் நாலு பேர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகத்தான் கேட்டேன்.

“வராம? அன்னிக்கே வந்திச்சி. அதான் ஸ்டெபிலைசரு கேட்டேன்” என்றாள்.

செங்கல்பட்டு ரயில் வந்தது. ஏறி உட்கார்ந்தோம். மடியில் இருந்த தேங்காயை அம்மா வாங்கி, தட்டிப் பார்த்து, முற்றல் என்றாள். பொத்தேரி தாண்டியது. அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

“போட்டுப் பாத்துச்சா அந்தப் பொண்ணு?”

“ம்.”

“எப்டி இருந்திச்சி?”

“நல்லா இருந்துச்சும்மா.”

“இத்தினி வருசம் என் காதுலயே கெடந்துச்சி. கண்ணாடில பாக்கறதுதான். இன்னொருத்தர் காதுல எப்டி மின்னுதுன்னு ஒரு வாட்டி பாக்கணும்னு இருந்தேன். அதுக்குத்தான் கௌம்பி வந்தேன், ஒருவேள கூப்டுவாங்களான்னு” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “போன்ல போட்டோ எடுத்தியா?” என்று கையை நீட்டினாள்.

போன் என் கையில்தான் இருந்தது. அங்கே நின்ற நேரம் முழுக்க எனக்குக் கோபம் மட்டும்தான் இருந்தது. நான் எடுக்கவில்லை.